மாடியில் மூன்று வாஷர்கள்

"அங்கிள், அங்கயே நில்லுங்க. நடக்காதீங்க."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். மொட்டை மாடிக் கதவைத் தள்ளி ஒரு காலை வெளியே வைத்திருந்தேன். முதுகில் கேமராப் பை, ஒரு கையில் ட்ரைபாட், மறு கையில் காப்பி ஃபிளாஸ்க். குடிவந்த மறுநாள் காலை, டிசம்பர் குளிர். எதிரே சாம்பல் நிறச் சுடிதாரும் ஸ்வெட்டருமாக, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், எதிரே விரிந்திருந்த ஏரியைப் பார்க்காமல் தன் ட்ரைபாட்டின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நிலைப்படியில் அப்படியே நின்றேன். க்ளிக் என்று ஒரு சத்தம். அதன் பிறகுதான் நிமிர்ந்து, "இப்ப வாங்க" என்றார்.

அறுபது வயது ஆளை இப்படி நிறுத்தி வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. "நான் நடந்தா உங்க படத்துக்கு என்ன ஆயிடும்?" என்று கேட்டேன்.

"தளம் அதிரும் அங்கிள். ரெண்டு செகண்ட் திறந்து வெச்சிருக்கேன்லா."

"நான் தமிழ்னு எப்படித் தெரியும்?"

"நேத்து சாமான் இறக்கும்போது ஆன்ட்டிகிட்ட சண்ட போட்டீங்க. நாலு மாடிக்கும் கேட்டுச்சு."

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ரயில்வேயில் இன்னும் வேலையில் இருப்பவர். ஏரியை ஆயிரம் தடவை எடுத்தாரே தவிர, தன்னை ஒருவரும் எடுக்க விடமாட்டார். எழுத்திலும் அப்படியே இருக்கட்டும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'திதி', அதாவது அக்கா. எங்கள் வீட்டுக்குள் மட்டும் 'ட்ராக் மேடம்'. சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளங்களைக் கவனிக்கும் பிரிவில் இஞ்சினியர். அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கரக்பூர் வந்த ரயில்வே குடும்பம். கணவர் ஆத்ராவில் ரயில் ஓட்டுகிறார். ஓய்வு கிடைக்கிற வாரம் வந்து போவார்.

நான் காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் கல்கத்தா வந்த குடும்பம். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றதும், இனிமேல் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுத்தே காலம் தள்ளுவது என்று முடிவு செய்தேன். அதற்குத்தான் சாந்த்ராகாச்சி ஜீல் என்கிற ஏரிப் பக்கத்தில், தண்ணீர் தெரிகிற வீடாகப் பார்த்து வந்தோம். யூடியூபில் சொன்னதையெல்லாம் வாங்கினேன். அகலக் கோண லென்ஸ், தூரத்து லென்ஸ், கார்பன் ட்ரைபாட், தண்ணீரின் பளபளப்பை அடக்க ஒரு ஃபில்டர், ஓடும் மேகத்தைப் பஞ்சாக இழுக்க இன்னொரு ஃபில்டர், லென்ஸைத் துடைக்க மூன்று விதத் துணி. பையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படம் மட்டும் வரவில்லை.

என் மனைவிக்கு வந்த அன்றே வேறு கவலை வந்துவிட்டது. படுக்கையறை ஜன்னலின் மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் சாய்வாக இறங்கியிருந்தது. நாலு மாடி, பதினாறு வீடு. கட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மனையில் முன்பு குளம் இருந்ததாகவும், மண்ணைக் கொட்டி மூடிக் கட்டியதாகவும் எதிர்க் கடைக்காரர் சொல்லிவிட்டார். "ஏங்க, இந்த வீடு நிக்குமா?" என்று அவள் கேட்டாள். "நிக்கும்" என்றேன். விரிசலை எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்டோம். அவர் பழகுவதற்கு இனியவர். எதைக் கேட்டாலும் "ஓ கிச்சு நா" என்பார். அது ஒன்றுமில்லை என்று அர்த்தம். புதுப் பூச்சு காய்ந்தால் விரியத்தான் செய்யும் என்று சொல்லி, சந்தேஷ் இனிப்பு கொடுத்து அனுப்பினார். என் மனைவி விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

ட்ராக் மேடத்திடம் வருகிறேன். அவர் எடுத்தது ஒரே படம். ஒரே மாதிரிப் படம் என்று சொல்லவில்லை, ஒரே படம். வேலை நாளானாலும் விடுமுறையானாலும் காலை ஆறு பத்துக்கு, மாடியின் கிழக்கு ஓரத்தில், ஒரே இடத்திலிருந்து. தளத்தில் மூன்று இரும்பு வாஷர்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ட்ரைபாட்டின் மூன்று கால்களும் அந்த மூன்று வாஷர்களின் ஓட்டையில்தான் உட்காரும். கால்களின் நீளத்தை மாற்றக்கூடாதென்று பூட்டுகளின் மேல் நாடா சுற்றியிருந்தார். ஃபோகஸ் வளையத்தின் மேலும் நாடா. கேமராவை ட்ரைபாட்டிலிருந்து கழற்றவே மாட்டார். படம் எடுத்ததும் மொத்தமாகத் தூக்கி மாடிப்படி அறைக்குள் நிறுத்தி, தலையணை உறை ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். ஐம்பது எம்எம் லென்ஸ், எஃப் பதினொன்று, ஐஎஸ்ஓ நூறு. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஷட்டர் வேகம் ஒன்றுதான் மாறும்.

படத்தில் இடது ஓரம் யார்டின் உயரமான விளக்குக் கம்பம், வலது ஓரம் ஒரு தண்ணீர்த் தொட்டி, நடுவே ஏரியின் அக்கரை ஒரு நீளக் கோடாக. அவ்வளவுதான். குளிர்காலத்தில் சைபீரியாப் பக்கத்திலிருந்து வாத்துகள் வந்து இறங்கும். பீரங்கி மாதிரி லென்ஸ்களோடு ஊரே கரையில் வந்து நிற்கும். இவர் படத்தில் அந்த வாத்துகள் கடுகு கடுகாகத் தெரியும்.

"வேற கோணத்துல ஒண்ணாவது எடுக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எடுத்தேன் அங்கிள், வந்த புதுசுல. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூலைலேர்ந்து. அப்புறம் பாத்தா, ஆகாயத்தாமரை வளந்துருக்கா, நான்தான் நகந்து நின்னேனான்னு தெரியல. எனக்கு ஏரி மாறுதத பாக்கணும். அதுக்கு நான் மாறாம நிக்கணும்லா."

இதற்கு நான் சிரித்தேன். கலை தெரியாத இஞ்சினியர் என்று மனதுக்குள் முடிவும் கட்டினேன்.

ஆனால் அந்தக் கலை தெரியாத இஞ்சினியரின் படத்தில் அக்கரை மரத்தின் கிளை கிளையாகத் தெரியும். என் படத்தில் மரமே கஞ்சி குடித்த சட்டை மாதிரி மொத்தையாக இருக்கும். மூன்று மடங்கு நல்ல கேமராவை வைத்துக்கொண்டு இப்படியா என்று எனக்குத் தூக்கம் போயிற்று. வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் என் கேமராவை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் எடுப்பதைப் பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தார்.

"எஃப் இருபத்திரண்டு வெச்சிருக்கீங்க. எதுக்கு?"

"கிட்ட இருக்கறதும் தூர இருக்கறதும் தெளிவா வரணும்னு."

"துளைய அவ்வளவு சின்னதாக்கினா எல்லாமே கொஞ்சம் மங்கிரும். எட்டு, பதினொண்ணு போதும். ட்ரைபாட்ல வெச்சிட்டு லென்ஸோட ஆட்டம் அடக்குத ஸ்விட்ச ஆன்ல விட்டுருக்கீங்க. அது இல்லாத ஆட்டத்தத் தேடித் தானே ஆடும். நடுக்கம்பத்த வேற உயத்தி வெச்சிருக்கீங்க. அப்புறம், இப்ப மால்காடி போகுது. அது போறவரைக்கும் யாரு எடுத்தாலும் வராது."

கீழே யார்டில் சரக்கு ரயில் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. குடிவந்ததிலிருந்து ரயில் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உறைக்கவேயில்லை. அவர் தன் ட்ரைபாட்டின் நடுக்கொக்கியில் ஒரு துணிப் பையைத் தொங்கவிட்டிருப்பார். அதில் மதிய உணவு இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அன்று திறந்து காட்டினார். உள்ளே தண்டவாளத்து ஜல்லிக் கல். காற்றுக்கு ட்ரைபாட் அசையாமல் இருக்கப் பாரம். அன்று சாயங்காலமே நானும் ஒரு பையில் கல் பொறுக்கப் போனேன். என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "பென்ஷன் வாங்கி இதுக்குத்தான் வந்தோமா?" என்றாள்.

அவரை வேலையிடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றிருந்தபோது கீழே யார்டில் மஞ்சள் சட்டையோடு நாலைந்து பேர். நடுவில் அவர், தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைக்கிற அளவுக்குக் குனிந்து, அதன் நீளத்தில் பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓர் இடத்தில் ஜல்லியைக் குத்தப் போனார். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கோபமாக ஏதோ சொன்னதும் தெரிந்தது. மறுநாள் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒரு இடத்துல தண்டவாளம் எறங்கியிருந்துச்சு. அளக்கதுக்கு முன்னாலயே தூக்கிவிடப் போனாரு. தூக்கிட்டா அது எவ்வளவு எறங்குச்சு, எத்தன நாளா எறங்குது, ஒண்ணும் தெரியாமப் போயிரும். மேல பாத்தா நேரா இருக்கும். அடியில மண்ணு போய்ட்டே இருக்கும்."

துர்கா பூஜை முடிந்து, பிஜயா வாழ்த்துச் சொல்ல இனிப்பு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் இதே கதைதான். கூடத்துச் சுவரில் என் மாமனார் படம் லேசாகச் சாய்ந்திருந்தது. விருந்தாளி முன்னால் அசிங்கம் என்று நான் எழுந்து அதை நேராக்கப் போனேன். "தொடாதீங்க அங்கிள்" என்றார். "எவ்வளவு சாஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் தொடுங்க." ஒரு ஆணியில் மாட்டிய படத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நாரு என்கிற தேங்காய் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். விரிசலையும் பென்சில் கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கோட்டைத் தாண்டி விரிசல் இரண்டு விரற்கடை போயிருந்தது. "ஆன்ட்டி, தேதியும் எழுதி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

மறு வருஷம் ஜூலையில் அவருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி, கரக்பூரில். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். ஆறு பத்துக்குப் படம் எடுக்கும் முறை, ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதியிருந்தார். ஒன்பதாவதின் கீழே இரண்டு கோடு: 'பட்டனைத் தவிர எதையும் தொடவேண்டாம்.'

"என்ன நம்பறீங்களா?" என்றேன்.

"வேற யாரு அங்கிள் ஆறு பத்துக்கு எந்திரிப்பா?"

முதல் நாள் சொன்னபடியே செய்தேன். மெமரி கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அக்கரை சாய்ந்திருந்தது. இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒரு விரல் அகலம் கீழே. விளக்குக் கம்பமும் தொட்டியும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து நின்றன. ஏரிப் படத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக வழிவதைவிடப் பெரிய தப்பு கிடையாது. யூடியூபில் முதல் பாடமே அதுதான். அடுத்தவன் வீட்டு ஆணிக்கெல்லாம் பாடம் எடுக்கிற ரயில்வே மேடத்தின் படமா இப்படி என்று எனக்கு ஒரே குஷி.

"அவங்கதான் தொடாதேன்னாங்களே" என்றாள் என் மனைவி.

"கண்ணு தெரியாதவன்கூட இது கோணல்னு சொல்லுவான். திரும்பி வந்து பாத்தா சந்தோஷப்படுவாங்க."

அவருடைய பழைய கேமராவில் மட்டம் காட்டும் வசதி இல்லை. என் பையில் கேமரா தலையில் செருகுகிற சின்ன ரசமட்டம் ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் அதைச் செருகினேன். குமிழி ஓரமாக ஒதுங்கியிருந்தது. ட்ரைபாட் தலையின் திருகைத் தளர்த்தி, கேமராவைத் தூக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். அதன் பிறகு பதினோரு நாளும் அக்கரை அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி வந்தது. மழை மேகங்களும் நன்றாக அமைந்துவிட்டன. அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாமனார் பக்கத்தில் மாட்டினேன்.

அவர் திரும்பி வந்த காலையில் நான் ஆறு மணிக்கே மாடியில் காத்திருந்தேன். வாஷர்களில் கால்களை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"அங்கிள், தலைய லூஸ் பண்ணீங்களா?"

"மேடம், உங்க படம் கோணலா இருந்தது. நான் சரி பண்ணிட்டேன். பரவால்ல, இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன், பெருந்தன்மையாக.

அவர் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆறு பத்து வந்தது, போனது. அவர் எடுக்கவில்லை. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"இத நான் இங்க வெச்சப்போ" என்று மெதுவாகச் சொன்னார், "நானும் ரசமட்டம் வெச்சுத்தான் வெச்சேன். குமிழி நடுவுலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு மேல நான் எதையும் தொடல."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேமராவை யாரும் தொடவில்லை. ட்ரைபாட்டை யாரும் தொடவில்லை. வாஷர்கள் தளத்தில் ஒட்டியவை. குமிழி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிருக்கிறது என்றால், காலடியில் இருக்கிற தளம்தான் போயிருக்கிறது. நான் நேராக நின்றுகொண்டிருப்பதாக நினைத்த அந்த மாடியில் சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு வருஷமா சந்தேகம். முதல்ல அந்த விளக்குக் கம்பந்தான் சாயுதுன்னு நெனச்சேன். யார்டுக்குப் போய் தூக்குக்குண்டு கட்டிப் பாத்தேன். கம்பம் நேரா நிக்கி."

எனக்குக் கோபம் வந்தது. "என் வொய்ஃப் தினமும் ராத்திரி கேக்கறா, வீடு நிக்குமா, வீடு நிக்குமான்னு. நீங்க தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இருக்கல அங்கிள். செகரெட்டரிகிட்ட போய்ச் சொன்னேன். ட்யூப்ல தண்ணி விட்டுத் தளம் ஒரு பக்கம் எறங்கிருக்கத காட்டினேன். கட்டும்போதே அப்படித்தான் போட்டாங்கன்னுட்டாரு. கட்டும்போது நேராத்தான் இருந்துச்சு, இப்பதான் சாயுதுன்னு சொல்லதுக்கு என்கிட்ட இருந்தது இந்தப் படங்க மட்டுந்தான். இந்த மழையும் முடிஞ்சா எல்லாத்தையும் வரிசையாக் கொண்டுபோய் வைக்கலாம்னு இருந்தேன்."

அந்த வரிசையைத்தான் நான் அறுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். ட்ராக் மேடம் படங்களைக் காட்டினார். நான் பயந்தது போலவே செயலாளர் முதலில் கேட்டது, "கேமராவை யாராவது அசைத்தார்களா?" என்பதுதான். எழுந்து நின்று, ஆமாம், நான்தான் என்றேன். முப்பத்தைந்து வருஷ வங்கி உத்தியோகத்தில் இவ்வளவு கூசிப்போனதில்லை. "பாருங்க" என்றார் செயலாளர் எல்லோரையும் பார்த்து. "ஒரு திருகு, கையை வெச்சா அசையுது. மூணு வருஷத்துல தானாகவே அசைஞ்சிருக்காதா? திதி, ஓ கிச்சு நா." ஒரு வீட்டுக்காரர், திதி இப்படியே பேசினால் வீட்டை யாரும் வாடகைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள் என்று கத்தினார். கூட்டம் கலைந்தது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடிப்படி ஏறும்போது, "திருகு தானா அசைஞ்சிருக்கும்னு அவரு சொல்லது ஞாயந்தான் அங்கிள். ஒரு கேமராவ வெச்சு அதுக்குப் பதில் சொல்ல முடியாது" என்றார். ரெண்டு படி ஏறினார். "உங்க கேமரா வேணும்."

மறுநாள் மாடியின் மேற்கு ஓரத்தில் இன்னும் மூன்று வாஷர்கள் ஒட்டினோம். என் கார்பன் ட்ரைபாட் அதன் மேல் ஏறியது. பத்து வினாடி ஓர் இடத்தில் நின்றறியாத என் கேமராவின் பூட்டுகளில் அவர் நாடா சுற்றினார். குமிழியை நான்தான் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கேமரா, இரண்டு ட்ரைபாட், இரண்டு தனித்தனித் திருகு. இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்தால் அது திருகின் வேலை இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். தினமும் ஆறு பத்து. முதல் வாரம் கை அரித்தது. சூரியன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு காலையில், கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் என்ன ஒரு படம் கிடைக்கும் என்று தவித்தேன். திருப்பவில்லை. பிறகு ஒரு விஷயம் நடந்தது. ஒரே சட்டத்துக்குள் பார்த்துப் பார்த்து, ஆகாயத்தாமரை எந்தக் கரையிலிருந்து கிளம்புகிறது, காற்று எந்த நேரத்தில் அடங்குகிறது, எந்த நாள் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் என்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஏரியை அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்வேன். பயத்தோடு பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும். என் மனைவி முக்கியமான காகிதங்களையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வாசல் கதவருகே வைத்துவிட்டாள். காளிகாட்டில் அவள் தங்கை வீட்டுக்குப் போயேன் என்றால், "நீங்க மாடியில நிக்கறப்ப நான் அங்க என்ன பண்றது?" என்பாள். பென்சில் கோடுகள் அதற்குள் ஐந்தாகியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.

பூஜை முடிந்த வாரம், மறுபடி கார் நிறுத்தும் இடம். ஒரு ஸ்கூட்டர் இருக்கையில் லேப்டாப்பை வைத்து, ட்ராக் மேடம் தன் ஆகஸ்ட் முதல் படத்தின் மேல் கடைசி நாள் படத்தைக் கண்ணாடித்தாள் போலப் போட்டுக் காட்டினார். அக்கரை இரண்டு கோடாகப் பிரிந்து தெரிந்தது. பிறகு என் படங்கள். அதே இரண்டு கோடு, அதே பக்கம், அதே இடைவெளி. செயலாளர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே வைத்து அளந்தார். முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை. மறுபடி முதல் ஒன்றை. எல்லோரும் அவர் சொல்லப்போகிற அந்த மூன்று வார்த்தைக்குக் காத்திருந்தோம்.

"அம்மா நாலாவது மாடியில இருக்காங்க" என்று வங்காள மொழியில் சொன்னார். "அவங்களால படி இறங்க முடியாது." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஸ்கேல் கையிலேயே இருந்தது.

கட்டடத்தைச் சோதிக்கக் கேட்கும் கடிதத்தில் அன்றைக்கே அவர் கையெழுத்துப் போட்டார். கட்டட நிபுணர் வந்து தோண்டிப் பார்த்தார். ஒரு மூலையின் கீழே மண் இறங்கிக்கொண்டே இருக்கிறது, எல்லோரும் உடனே வெளியேறுங்கள், பிறகு பேசலாம் என்றார். முதலில் இறங்கியது செயலாளரின் அம்மாதான். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பத்து நாளில் பதினாறு வீடும் காலியாயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

நாங்கள் கிளம்பிய காலையிலும் அவர் ஆறு பத்துக்குப் படம் எடுத்தார். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரால் வாஷர்களை நெம்பினார். இரண்டு வந்தன, மூன்றாவது வரவில்லை. எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. இத ஒட்டினப்பவே உங்களுக்கு வீட்டு மேல சந்தேகமா?"

"இல்ல அங்கிள். எனக்கு ஏரி பிடிக்கும். அவ்வளவுதான்" என்றார். அதை நான் இன்றுவரை பாதிதான் நம்புகிறேன். குளத்தை மூடிய மண்ணில் கட்டிய வீட்டுக்கு ஒரு தண்டவாள இஞ்சினியர் குடிவருகிறார். வந்ததும் முதல் வேலையாக அசையாத மூன்று புள்ளிகளைத் தளத்தில் ஒட்டுகிறார். கேட்கிற யாருக்கும் தோன்றுவதுதானே. மாற்றலாகி ஒடிசாப் பக்கம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயும் ஏதாவது ஒரு மாடியில் மூன்று வாஷர்கள் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது காளிகாட்டில் வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுத் துணிக்கொடிதான் தெரிகிறது. கூடத்தில் மாமனார் பக்கத்தில் ஏரிப் படம் மாட்டியிருக்கிறோம். நான் மட்டம் பார்த்து எடுத்த அழகான படத்தை என் மனைவி எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அவள் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டது முதல் நாள் படம். நான் எதையும் தொடுவதற்கு முன்னால் எடுத்தது.

போன வாரம் பழைய வங்கி நண்பர் ஒருவர் வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "என்ன, கோணலா மாட்டியிருக்கே" என்று எழுந்து சட்டத்தில் கை வைக்கப் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள். "தொடாதீங்க. படம் நேராத்தான் மாட்டியிருக்கு. நாங்க இருந்த வீடுதான் அப்படி."